அடி விழுந்தும் வெடிக்காத தோட்டா: .22 ரிம்ஃபயர் ரைஃபிளின் ஃபயரிங் பின் பழுதுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விசையை இழுத்ததும் ‘க்ளிக்’ என்ற ஒலி மட்டும் கேட்டுத் தோட்டா வெடிக்காமல் கிடந்துவிட்டால், .22 ரைஃபிள் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் உடனே சொல்வது ‘ஃபயரிங் பின் தேய்ந்துவிட்டது’ என்பதுதான். விசையை இழுத்ததும் பாய்ந்து தோட்டாவின் அடியைக் குத்தும் இந்தப் பின் சிறியது, விலை குறைந்தது, கழற்றி மாற்றக்கூடியது. ஆகவே பழி அதன் மேல் விழுவது இயல்பு. ஆனால் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றின் ஆயுத அறையில் பல ஆண்டுகள் உதவியாளனாக இருந்து நான் கண்டது வேறு. பின்னை மாற்றியும் கோளாறு தீராத ரைஃபிள்களே அதிகம். உண்மையிலேயே பின் கெட்டுப்போன ரைஃபிள்கள் மிகச் சில. கோளாறு எங்கே இருக்கிறது என்பதை வெடிக்காமல் போன தோட்டாவே தன் விளிம்பில் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுவார். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது: முதலில் தோட்டா, பிறகு அழுக்கு, பிறகு குழலைப் பின்னாலிருந்து அடைக்கும் உலோக உருளையான போல்ட்டும் ஸ்பிரிங்கும், கடைசியில்தான் பின்.

விளிம்பில் அடிப்பது என்றால் என்ன

பெரிய ரைஃபிள்களின் தோட்டாவில் அடிப்பாகத்தின் நடுவே பிரைமர் என்ற தனிக் கிண்ணம் பொருத்தப்பட்டிருக்கும். பின் அதைக் குத்தும்போது எதிர்த்துத் தாங்கும் சிறு பட்டறைக்கல் போன்ற பகுதி தோட்டாவுக்குள்ளேயே இருக்கும். .22 தோட்டாவில் அப்படி எதுவும் கிடையாது. பித்தளைத் தகட்டை இழுத்துக் கூடாக்கி, அதன் அடியில் சுற்றிலும் உள்ளீடற்ற ஒரு விளிம்பை மடித்து, ஈரமான பிரைமர் கலவையைக் கூட்டுக்குள் இட்டு வேகமாகச் சுழற்றுவார்கள். கலவை விளிம்பின் மடிப்புக்குள் ஓடிப் படிந்துவிடும். இன்றைய கலவைகளில் ஈய ஸ்டிஃப்னேட்டும் உராய்வைக் கூட்டுவதற்காக அரைத்த கண்ணாடித் தூளும் இருப்பது வழக்கம். அந்த விளிம்பை நசுக்கினால்தான் கலவை பொறி தட்டும்.

நசுக்குவதற்கு இரண்டு பக்கமும் கடினமான பொருள் வேண்டும். பின்னால் இருந்து பின் வருகிறது. முன்னால் இருந்து தாங்குவது எது? குழலின் பின்முனையில், தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் வாயைச் சுற்றியுள்ள எஃகு விளிம்புதான். இப்படி விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் ரிம்ஃபயர் துப்பாக்கியின் பட்டறைக்கல் தோட்டாவுக்குள் இல்லை, குழலில் இருக்கிறது என்ற இந்த ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொண்டால், மேற்கொண்டு வரும் ஒவ்வொரு படியும் தானாகவே விளங்கும். தோட்டாவின் விளிம்பு சேம்பர் விளிம்போடு ஒட்டி உட்காராமல் சிறிது பின்தள்ளி நின்றால், பின்னின் அடி தோட்டாவை முன்னுக்குத் தள்ளுவதிலேயே செலவாகிவிடும். தோட்டா இல்லாத சேம்பரில் பின் பாய்ந்தால் அது அந்தப் பட்டறைக்கல்லையே குத்தும். இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் போலத் தோன்றினாலும், வேர் ஒன்றுதான்.

இந்த அமைப்பு மிகப் பழையது. பாரிஸில் ஃப்ளோபேர் 1845 ஆம் ஆண்டில் செய்த சிறு தோட்டாக்களில் தொடங்கி, அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1857 இல் கொண்டுவந்த .22 ஷார்ட் வழியாக, ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887 இல் அறிமுகப்படுத்திய .22 லாங் ரைஃபிள் வரை வந்து நிலைத்தது. ஒரு காலத்தில் .44 அளவிலும் ரிம்ஃபயர் தோட்டாக்கள் இருந்தன. 1860 இல் வந்த ஹென்றி ரைஃபிளின் பின், வெடிப்பு தவறக் கூடாது என்பதற்காக விளிம்பில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் அடிக்கும்படி செய்யப்பட்டிருந்தது. பின்னடியில் நசுங்கும் அளவுக்கு விளிம்பு மெல்லியதாக இருந்தாக வேண்டும் என்பதால் இக்கூடு அதிக அழுத்தத்தைத் தாங்காது; .22 லாங் ரைஃபிளுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. அதனால்தான் பெரிய அளவுகள் மறைந்து, சிறிய அளவு மட்டும் தங்கியது. தங்கியது சாதாரணமாக அல்ல: 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டி இதே .22, அதாவது 5.6 மில்லிமீட்டர் தோட்டாவில் சுடப்படுவதுதான். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அடி சீராக விழாத பின்னை வைத்துக்கொண்டு அந்த வட்டத்துக்குள் தொடர்ந்து சுட முடியாது.

தொடங்கும் முன்

இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5 ஆவது பிரிவில், துப்பாக்கி தயாரிப்பையும் விற்பனையையும் போலவே பழுதுபார்ப்பதையும் உரிமத்துக்குள் வைத்திருக்கிறது. ஆகவே தன் பெயரில் உரிமமுள்ள ரைஃபிளைத் துடைப்பது, பார்ப்பது, அளப்பது ஆகியவற்றோடு உரிமையாளர் நிறுத்திக்கொண்டு, உறுப்பு மாற்றும் வேலையை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே முறை. வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பவருக்கும் இவ்வழிகாட்டி பயன்படும். ‘சார், சரியாக வெடிக்கவில்லை’ என்று சொல்லிக் கொடுப்பதற்கும், பின் குத்திய அடித்தடம் பதிந்த ஐந்து கூடுகளைக் காட்டிக் கொடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

வெடிக்காத தோட்டாவைக் கையாளும் முறை எல்லாவற்றுக்கும் முந்தியது. ‘க்ளிக்’ ஒலி கேட்டால் போல்ட்டைத் திறக்கக் கூடாது. குழலை இலக்கின் பக்கமாகவே வைத்துக்கொண்டு 30 வினாடிகள் காத்திருக்க வேண்டும். பொறி தாமதமாகப் பற்றிச் சற்றுப் பின் வெடிப்பதும் உண்டு. வழக்கத்தைவிட மெலிந்த ஒலி கேட்டிருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கக்கூடும். போல்ட்டைக் கழற்றிக் குழலை ஒளிக்கு எதிராகப் பிடித்துப் பார்க்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. மேசையில் வேலையைத் தொடங்கும்போது மேகசினை நீக்கி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, உயிருள்ள தோட்டாக்கள் அனைத்தையும் வேறு அறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பழுதுபார்க்கும் மேசையில் இயக்கத்தைச் சோதிக்க உண்மைத் தோட்டாவைப் பயன்படுத்துவதற்கு எந்தக் காரணமும் ஏற்புடையது அல்ல.

முதல் படி: அடித்தடத்தைப் படித்தல்

வெடித்த கூடுகள் பத்தையும் வெடிக்காத தோட்டாக்கள் கிடைத்த அளவையும் எடுத்து, அடிப்பக்கம் தெரியும்படி ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக நிறுத்துங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். விளிம்பின் விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஒரு மில்லிமீட்டர் அகலத் தடத்தைப் படிக்க வேண்டும் என்பதால் லென்ஸ் இல்லாமல் இவ்வேலை ஆகாது.

வெடிக்காத தோட்டாவிலும் தடம் ஆழமாக, சதுர மூலைகள் தெளிவாகத் தெரியும்படி, வெடித்தவற்றில் உள்ளதைப் போலவே இருந்தால் ரைஃபிளின் மேல் குற்றமில்லை. கலவை சுழலும்போது விளிம்பின் ஏதோ ஓர் இடத்தில் படியாமல் விட்டிருக்கிறது, பின் அந்த வெற்றிடத்தில் விழுந்திருக்கிறது. இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. காத்திருக்கும் நேரம் முடிந்தபின், களப் பொறுப்பாளரின் ஒப்புதலோடு, கூட்டில் வேறு சேதம் எதுவும் இல்லையென்றால், அதே தோட்டாவை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடியும் சுட்டுப் பார்க்கலாம். புதிய இடத்தில் அடி விழுந்து வெடித்தால் கோளாறு தோட்டாவினுடையது. அப்போதும் வெடிக்கவில்லையென்றால் அதை உடைக்கவோ நெம்பவோ முயலாமல் சுடுகளத்தின் பெட்டியில் ஒப்படைத்துவிட வேண்டும்.

திருப்பாமல் அதே இடத்திலேயே இரண்டாவது அடி விழுந்து வெடித்தால், அதன் பொருள் முற்றிலும் வேறு. முதல் அடி தோட்டாவைச் சேம்பருக்குள் இருத்துவதற்குச் செலவாகி, இரண்டாம் அடிதான் நசுக்கியிருக்கிறது. சேம்பரில் அழுக்கு சேர்ந்திருக்க வேண்டும், அல்லது சேம்பர் வாயில் பிசிர் இருக்க வேண்டும். இந்த இரண்டு சோதனைகளையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். திருப்பினீர்களா இல்லையா என்பதை அப்போதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

தடம் ஆழமின்றி, ஆனால் சரியான இடத்தில் இருந்தால், அடியின் வலு குறைந்திருக்கிறது: ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பின் ஓடும் பாதை பிசுபிசுத்திருக்கலாம், போல்ட் முழுதும் மூடாதிருக்கலாம், பின்னின் முனை குட்டையாகியிருக்கலாம். தடத்தின் ஒரு பாதி விளிம்புக்கு வெளியே வழுவிப் போயிருந்தாலோ, விளிம்பைத் தாண்டி உட்புறம் தட்டைப் பகுதியில் விழுந்திருந்தாலோ, வலுவில் குறையில்லை, இடம் பிசகியிருக்கிறது. தோட்டாவைப் போல்ட் முகத்தில் பிடித்து நிறுத்தும் எக்ஸ்ட்ராக்டர் தளர்ந்திருப்பது இதற்கு அடிக்கடி காரணமாகும். தடத்தின் ஒரு மூலை மட்டும் பதியாமல் இருந்தால் பின் முனையில் அந்த மூலை உடைந்திருக்கிறது. தடம் பித்தளையைக் கிழித்துக் கருமையான கசிவு தெரிந்தால் முனை கூராகியிருக்கிறது. அந்த ரைஃபிளால் அதற்கு மேல் ஒரு தோட்டாவும் சுடக் கூடாது, ஏனெனில் கிழிந்த விளிம்பின் வழியே சூடான வாயு பின்னோக்கி, சுடுபவரின் கண்ணை நோக்கி வரும். கண்ணாடி அணியாமல் .22 சுடுபவர்கள் இதை ஒரு முறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சொல்லும் இங்கே தேவை. ஒரே நிறுவனத்தின் ஒரே பெட்டித் தோட்டாக்களை வைத்து முடிவுக்கு வராதீர்கள். குறைந்தது இரண்டு வகைத் தோட்டாக்களில் தலா ஐம்பது சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் போவது ஒன்றில் மட்டும்தானா இரண்டிலுமா என்று அறிந்த பிறகே ரைஃபிளைத் திறக்க வேண்டும்.

இரண்டாம் படி: துடைத்துப் பார்த்தல்

.22 தோட்டாவின் ஈயக் குண்டில் மெழுகோ கொழுப்போ வெளிப்புறமாகப் பூசப்பட்டிருக்கும். அது சேம்பரின் முன்பகுதியில் கரியோடும் ஈயத்தோடும் சேர்ந்து ஒரு வளையமாக இறுகிவிடும். வளையம் தடித்தால் தோட்டா முழுதும் உள்ளே போகாது. கட்டைவிரலால் தள்ளினால் கடைசி ஒரு மில்லிமீட்டரில் நின்றுவிடும். பித்தளைக் கம்பித் தூரிகையில் கரைப்பானைத் தோய்த்து, சேம்பரின் நீளத்துக்கு மட்டும் சுழற்றித் தேய்த்து, சில நிமிடம் ஊறவிட்டு, துணித்துண்டுகளால் துடைத்தெடுங்கள். துடைக்கும் கோலைப் பின்புறத்திலிருந்து செலுத்த முடிந்த ரைஃபிள்களில் அப்படியே செய்ய வேண்டும்; வாய்ப்பக்கமாகச் செலுத்துவதென்றால் குழல்முனையில் கோல் உரசாமல் காக்கும் வழிகாட்டி வளையம் வேண்டும்.

அடுத்து போல்ட் முகம். தோட்டா உட்காரும் குழிவின் மூலையில் கரி படிந்திருந்தால் பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். எஃகு ஊசி வேண்டாம். பின் வெளிவரும் துளையையும் அவ்வாறே சுத்தம் செய்யுங்கள்.

பின் ஓடும் பாதைதான் பலரும் கவனிக்காத இடம். அங்கே எண்ணெய் அதிகம் விட்டால் அது நன்மை செய்வதாக எண்ணுகிறோம். ஆனால் எண்ணெய் கரியையும் வெடிக்காத மருந்துத் துகளையும் பிடித்து வைத்துக்கொண்டு சில மாதங்களில் பசையாகிவிடுகிறது, பசை பின்னின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. சமையல் எண்ணெய் எதையும் துப்பாக்கிக்குள் விடக் கூடாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையிலேயே உறையத் தொடங்கும். சென்னையில் மே மாதம் ஓடிய பின், அதே எண்ணெயோடு ஊட்டியின் காலைக் குளிரில் நகராது. போல்ட்டைக் கழற்றிக் கரைப்பானில் ஊறவைத்து, உலர்த்தி, மெல்லிய இயந்திர எண்ணெய் தோய்ந்த துணியால் பின்னை ஒருமுறை துடைத்தால் போதும். இந்த ஒரு படியோடு கோளாறு தீர்ந்துபோன ரைஃபிள்களே நான் பார்த்தவற்றில் மிகுதி.

மூன்றாம் படி: போல்ட் முழுதும் மூடுகிறதா

கைப்பிடியுள்ள போல்ட் ரைஃபிள்களில் கைப்பிடி அதன் அடிநிலை வரை இறங்கியிருக்க வேண்டும். சற்று மேலே நின்றிருந்தால், விசையை இழுத்ததும் முன்பாயும் பின்னின் பின்பகுதி போல்ட்டில் உள்ள சரிவுவெட்டில் மோதி, கைப்பிடியைக் கீழே தள்ளும் வேலையைச் செய்துவிட்டுத்தான் முன்னே போகும். தோட்டாவுக்கு மிஞ்சுவது எஞ்சிய வலு மட்டுமே.

எங்கள் கழகத்தில் ஒரு ரைஃபிள் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பத்துக்கு ஒன்றோ இரண்டோ வெடிக்காமல் ஏமாற்றும். பங்குனியில் தானாகவே சரியாகிவிடும். இரண்டு ஆண்டுகளில் இரண்டு பின்கள் மாற்றப்பட்டன. அடித்தடங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியான இடத்தில், சரியான வடிவில், ஆனால் ஆழம் மட்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தன. கைப்பிடிக்கும் மரக்கட்டையில் அதற்கென வெட்டிய பள்ளத்துக்கும் இடையே ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. மழைக்கால ஈரத்தில் மரம் உப்பி, கைப்பிடியை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தியிருந்தது. பள்ளத்தை உப்புத்தாளால் சிறிது தேய்த்து, வெட்டுப்பரப்புக்கு வார்னிஷ் பூசிய பிறகு அந்த ரைஃபிள் எந்த மழையிலும் தவறவில்லை. மாற்றப்பட்ட பழைய பின்கள் இரண்டும் நல்ல நிலையில்தான் இருந்தன.

ஆகவே மூடிய போல்ட்டின் கைப்பிடிக்கும் மரத்துக்கும் இடையே தாள் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். தொலைநோக்கி பொருத்தியிருந்தால் கைப்பிடி அதில் இடிக்கிறதா என்பதையும் பாருங்கள். ரூகர் 10/22 போன்ற தானியங்கி மீளேற்ற ரைஃபிள்களில் போல்ட் தன் ஸ்பிரிங்கின் தள்ளுதலால் மட்டுமே மூடுவதால், அங்கே தடை பெரும்பாலும் அழுக்குதான்.

நான்காம் படி: ஸ்பிரிங்

பின்னையோ சுத்தியலையோ தள்ளும் முதன்மை ஸ்பிரிங், ரைஃபிளை எப்போதும் இழுத்த நிலையில் வைத்துப் பழகியவர்களிடமும், மிக அதிகம் சுடப்பட்ட கழக ரைஃபிள்களிலும் தளர்ந்துபோகும். அதே மாதிரிக்கான புதிய ஸ்பிரிங்கைப் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். பழையது ஒரு சுருளின் இடைவெளி அளவுக்குக் குட்டையாக இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவதும், அடியில் வாஷர் வைத்து இறுக்குவதும் சில வாரங்களுக்கு மட்டும் பலன் தரும். அதற்குள் அடியின் வலு சீரற்றதாகிவிடும். இதற்கு மேல் இந்த உறுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

ஐந்தாம் படி: பின்னும் அதன் நீட்டமும்

இப்போதுதான் பின்னைப் பார்க்கிறோம். .22 ரைஃபிள்களில் ஃபயரிங் பின்னின் முனை பெரும்பாலும் உளிபோன்ற செவ்வக முகம் கொண்டது, சிலவற்றில் உருண்டையானது. லென்ஸில் பார்க்கும்போது முகம் தட்டையாக, நான்கு மூலைகளும் முழுமையாக, ஆனால் ஓரங்கள் கத்திபோல் கூராக இல்லாமல் மெல்ல மழுங்கியிருக்க வேண்டும். முகம் காளான்போல் விரிந்து பிதுங்கியிருந்தால் பின் மென்மையானது, அல்லது நெடுங்காலம் வெறும் சேம்பரில் அடிபட்டது. மூலை தெறித்திருந்தால் பின் சூடேற்றிப் பதப்படுத்தும்போது மிகவும் கடினமாக்கப்பட்டது.

முகம் நன்றாக இருந்தால் நீட்டத்தை அளக்க வேண்டும். போல்ட்டைத் துப்பாக்கியிலிருந்து வெளியே எடுத்து, பின்னை முன்னுக்கு முழுதும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தோட்டா உட்காரும் குழிவின் தளத்திலிருந்து பின்னின் முனை எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதை ஆழமானி உள்ள வெர்னியரால் அளக்கலாம். இந்த அளவை எதனோடு ஒப்பிடுவது என்பதற்குத்தான் ஹெட்ஸ்பேஸ் தெரிய வேண்டும். மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பர் விளிம்புக்கும் இடையே தோட்டாவின் விளிம்பு நிற்கும் இடைவெளியே ஹெட்ஸ்பேஸ். .22 லாங் ரைஃபிளுக்குப் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் ‘கோ’ அளவுகோல் 1.09 மில்லிமீட்டர், ‘நோ-கோ’ அளவுகோல் 1.17 மில்லிமீட்டர். முதல் அளவுகோலின் மேல் போல்ட் மூட வேண்டும்; இரண்டாவதன் மேல் மூடக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.08 மில்லிமீட்டர், அதாவது சாதாரண அச்சுத் தாளின் தடிமனைவிடக் குறைவு.

பின்னின் நீட்டம் அந்த இடைவெளியைவிடக் கட்டாயம் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் சேம்பரில் விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது குழலைக் குத்தும். மிகவும் குறைந்துபோனாலோ விளிம்பு போதிய அளவு நசுங்காது. இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே தயாரிப்பாளர் தன் மாதிரிக்கு ஓர் அளவு வகுத்திருப்பார். அதையே பின்பற்ற வேண்டும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் இங்கே பெரிய தொகை என்பதால், ஐந்து முறை அளந்து நடு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நீட்டம் சரியாக இருந்து, தடம் மட்டும் ஆழமின்றி இருந்து, ‘நோ-கோ’ அளவுகோலின் மேலும் போல்ட் மூடிக்கொள்கிறது என்றால், தேய்ந்திருப்பது பின் அன்று, போல்ட்டின் பூட்டுப்பகுதி. அது பட்டறை வேலை. நீளமான பின்னைப் போட்டு அதை மறைக்க முயல்வது ஆபத்தில் முடியும்.

ஆறாம் படி: சேம்பர் விளிம்பு

பின்னை ஒரு நாளில் மாற்றிவிடலாம். குழலை அப்படி மாற்ற முடியாது. அதனால்தான் இந்தப் படியை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்.

போல்ட்டை எடுத்துவிட்டு, சிறு டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, பின் அடிக்கும் இடத்துக்கு நேரே சேம்பர் வாயைப் பாருங்கள். கூர்மையான வட்ட விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பள்ளம் தெரிந்தால், அங்கே வெறும் பின் பலமுறை குத்தியிருக்கிறது. பள்ளமான இடத்தின் எஃகு எங்கும் போய்விடவில்லை. சேம்பருக்குள் பிசிராகப் பிதுங்கி நிற்கிறது. பிசிர் தோட்டாவை முழுதும் நுழையவிடாது, வெடித்த கூட்டை எளிதில் வெளியேறவும் விடாது. வெளியே வரும் கூட்டின் உடலில் நீளவாக்கில் ஒரு கீறல் இருக்கும். பள்ளமோ தோட்டா விளிம்புக்குத் தாங்கல் கொடுக்காது. ஆக ஒரே குத்து மூன்று விதங்களில் வேலையைக் கெடுக்கிறது.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ரூகர் நிறுவனம் 1949 முதல் செய்துவரும் .22 கைத்துப்பாக்கி வரிசை. அதன் போல்ட்டில் பின் அளவுக்கு மீறி முன்னே போகாதபடி தடுக்கும் சிறு குறுக்கு ஊசி ஒன்று உண்டு. துடைப்பதற்காகப் பிரித்தவர் மீண்டும் பூட்டும்போது அந்த ஊசியை மறந்துவிட்டாலும் துப்பாக்கி சுடும், எந்த மாற்றமும் வெளியே தெரியாது; ஆனால் வெறுமனே விசையை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் சேம்பர் விளிம்பில் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும். 1964 இல் வந்த 10/22 ரைஃபிளில் பின் சேம்பரைத் தொடாதபடியே வடிவமைத்திருப்பதால், வெறும் சேம்பரில் விசையை இழுக்கலாம் என்று அதன் கையேடு சொல்கிறது. பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள் பலவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தன் ரைஃபிள் எந்த வகை என்று கையேட்டைப் பார்த்து உறுதியாகத் தெரியாத வரை, வெறும் சேம்பரில் விசையை இழுக்காதீர்கள். பயிற்சிக்கு வேண்டுமென்றால் போலித் தோட்டா போடுங்கள். சுவரில் திருகாணி முடுக்குவதற்குச் செருகும் சிறு மஞ்சள் பிளாஸ்டிக் முளைகளை இதற்குப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்கச் சுடுநர்களிடம் பரவலாக உண்டு. சில அடிகளுக்கு ஒருமுறை திருப்பி, நைந்ததும் எறிந்துவிட வேண்டும்.

பள்ளம் ஏற்பட்டுவிட்டால் அரத்தைக் கையில் எடுக்காதீர்கள். அரம் பிசிரை அகற்றும், ஆனால் அந்தப் பிசிர்தான் பள்ளத்தை நிரப்ப வேண்டிய எஃகு. இதற்கெனக் கடினப்படுத்தி மெருகேற்றிய, சற்றே கூம்பிய தண்டு ஒன்று பழுதுபார்ப்பவர்களிடம் இருக்கும். சேம்பர் அயர்ன் என்று அதைச் சொல்வார்கள். அதை உள்ளே செலுத்தி மெல்லத் திருப்பும்போது பிதுங்கிய எஃகு வந்த வழியே திரும்பித் தள்ளப்பட்டு விளிம்பு ஓரளவு பழைய நிலைக்கு வரும். ஆழமான பள்ளத்துக்கு இதுவும் போதாது. குழலைச் சற்றே திருப்பிப் பூட்டி, சேதமில்லாத இடம் பின்னுக்கு நேரே வரும்படி செய்வது சில மாதிரிகளில் முடியும். இரண்டையும் தேர்ந்தவர் செய்ய வேண்டும்.

ஏழாம் படி: புதிய பின்

பின்தான் கெட்டது என்று தடமும் லென்ஸும் அளவும் ஒருசேரச் சொன்னால் மாற்ற வேண்டும்; முன்பே சொன்னபடி, இந்தியாவில் இது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் செய்ய வேண்டிய வேலை. தயாரிப்பாளரின் பின்னையோ, அந்த மாதிரிக்கென்று பெயர்பெற்ற உறுப்பு நிறுவனத்தின் பின்னையோ மட்டும் வாங்குங்கள். துளைபோடும் பிட், கோணி ஊசி, ஆணி ஆகியவற்றிலிருந்து தேய்த்துச் செய்த பின்களை நான் பார்த்திருக்கிறேன். மிகக் கடினமானவை உடைந்து துணுக்கு பின்துளையில் சிக்கிக்கொள்ளும், மென்மையானவை விரிந்து துளையில் இறுகிவிடும். பின் முன்னே நீண்ட நிலையில் சிக்கிக்கொண்டால், தானியங்கி மீளேற்ற ரைஃபிளில் போல்ட் மூடும் வேகத்திலேயே, விசையைத் தொடாமலே, தோட்டா வெடித்துவிடக்கூடும். 10/22 போன்றவற்றில் போல்ட்டுக்குப் பூட்டு கிடையாது, அதன் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே அழுத்தத்தைத் தாங்குகின்றன. முழுதும் மூடுமுன் வெடித்தால் கூடு கிழிந்து பித்தளைத் துணுக்குகள் தெறிக்கும்.

10/22 இல் பின் போல்ட்டின் மேற்பகுதிப் பள்ளத்தில் படுத்திருக்கும். குறுக்கே ஒரு ரோல் பின் (எஃகுத் தகட்டைச் சுருட்டிச் செய்த முளை) அதைப் பிடித்திருக்கும். போல்ட்டை மென்மையான தாடையுள்ள வைஸில் அளவாகப் பிடித்து, ரோல் பின்னுக்கென்றே செய்த சரியான அளவு பஞ்ச்சால் தட்டி வெளியேற்றினால், ஃபயரிங் பின்னும் அதைப் பின்னுக்குத் தள்ளும் சிறு ஸ்பிரிங்கும் வந்துவிடும். ஸ்பிரிங் பறந்துபோகாமல் இருக்க, போல்ட்டையும் கைகளையும் ஒரு பெரிய கண்ணாடித்தாள் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஒவ்வோர் உறுப்பையும் எடுத்தவுடன், அது இருந்த திசை மாறாமல், வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி போல்ட் ரைஃபிள்களில் அழுத்தப்பட்ட முதன்மை ஸ்பிரிங்கும் சேர்ந்து வெளிப்படும் என்பதால், அந்த மாதிரியின் உறுப்புப் படம் முன்னால் இல்லாமல் பிரிக்க வேண்டாம்.

புதிய பின்னைப் பள்ளத்தில் வைத்து, ஸ்பிரிங் இல்லாமல், போல்ட்டை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். தன் எடையாலேயே அது வழுக்கி ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கவாட்டுப் பிசிரை மட்டும் நயமான எண்ணெய்க்கல்லில் இரண்டொரு தடவை இழுத்தால் போதும். முனையைத் தொடக் கூடாது. பூட்டிய பிறகு நீட்டத்தை மறுபடியும் அளந்து, ஸ்பிரிங் அதை முழுதும் உள்ளே இழுத்துக்கொள்கிறதா என்று விரல் நகத்தால் போல்ட் முகத்தைத் தடவிச் சோதியுங்கள்.

எட்டாம் படி: சோதனை

முதலில் போலித் தோட்டாவோடு ஏற்றி இறக்கி, பூட்டும் விசையும் சேஃப்டியும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். சேஃப்டியை இட்டு விசையை இழுத்தால் பின் விடுபடக் கூடாது. பிறகு சேஃப்டியை எடுக்கும்போதும் விடுபடக் கூடாது. இந்த இரண்டாவதைச் சோதிக்காமல் விடுகிறவர்கள் உண்டு.

சுடுகளத்தில் கண்ணாடியும் காதுமூடியும் அணிந்து, முதல் ஐந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் சுடுங்கள். ஒவ்வொரு கூட்டையும் எடுத்துப் பார்த்து, விளிம்பில் கிழிசலோ உப்பலோ இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். தானியங்கி மீளேற்ற ரைஃபிளில் அதற்குப் பிறகு இரண்டு தோட்டாக்களை மட்டும் மேகசினில் இட்டு, ஒரு இழுப்புக்கு ஒன்றுதான் சுடுகிறதா என்று பார்ப்பது கட்டாயம். இரண்டும் சேர்ந்து சுட்டால் உடனே நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு அனுப்புங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால், முதல் படியில் பயன்படுத்திய அதே இரு வகைத் தோட்டாக்களில் தலா ஐம்பது.

நூறு சுட்டு முடிந்ததும், இரு வகையிலிருந்தும் ஐந்தைந்து கூடுகளை எடுத்து ஒரு சிறு உறையிலிட்டு, ரைஃபிளின் எண், நாள், பின்னின் நீட்டம், தோட்டாவின் பெயர் ஆகியவற்றை உறையின் மேல் எழுதிப் பதிவேட்டோடு வைத்துவிடுங்கள். அடுத்த முறை ‘க்ளிக்’ என்ற ஒலி மட்டும் கேட்கும்போது, புதிய தடத்தை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு அந்த உறைதான் விடை.